ஆள் எண்ணப் போன ஊர்

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பெருநிலத்தில், குளத்தடி வயல்களுக்கு நடுவே வளர்ந்தவள். கடலைத் தூரத்தில் நின்று பார்த்திருந்தேன், அவ்வளவுதான். நாடு சுதந்திரம் பெற்று ஒரு பதினைந்து வருடம் ஆகியிருக்கும். மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாய்க்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக, மணலும் பனையுமாய்க் கிடந்த மீன்பிடி ஊர் அது. அங்கே எல்லாரும் வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள். நெற்றியில் திருநீற்றோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய என்னை, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஆண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம்வரை நடந்த தூரம் முழுக்க அந்தப் பார்வை என் முதுகில் இருந்தது.

ஒரு மீனவர் வீட்டில் முன்னறையை எனக்கு வாடகைக்குத் தந்தார்கள். வீட்டுக்காரப் பெண்ணை அக்கா என்று கூப்பிட்டேன். மீன் குழம்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நான் ஒன்று கேட்டால் பதில் சொல்லமாட்டாள். "ஏன் கேக்கிறியள் டீச்சர்?" என்று திருப்பிக் கேட்பாள். கடல் ஏன் இன்றைக்குக் கலங்கியிருக்கிறது என்று கேட்டாலும் அதே கேள்விதான்.

அதன் காரணம் பிறகுதான் விளங்கியது. அக்கரையிலிருந்து கள்ளத்தோணியில் ஆட்கள் வருகிறார்கள் என்று அந்த நாட்களில் கரை முழுக்கக் காவல். ஊருக்கு வெளியே தாழம் பற்றைக்குள் ஆமிக்காரரின் கொட்டில் இருந்தது. ராமேஸ்வரம் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, திருநாளுக்கு வள்ளமேறிப் போய்வந்த சனம் அது. பிறகு சட்டம் வந்தது. அக்கரையில் பிறந்தவர் இக்கரையில் அகப்பட்டால் பிடித்துக்கொண்டுபோய்க் கப்பலேற்றிவிடுவார்கள். ஆகவே புதிதாக வருகிறவர் யாராயிருந்தாலும் உளவு பார்க்க வந்தவர் என்றே ஊர் முதலில் நினைத்தது. என்னையும் அப்படித்தான் நினைத்தது.

என் வகுப்பில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். எப்போதும் முன்வாங்கில் உட்காருவாள், துறுதுறுப்பானவள். ஒரு நாள் காலை ஓடிவந்து, "டீச்சர், எங்க வீட்டுப் பூனை குட்டி போட்டுருச்சு!" என்றாள். நான் சிரித்தேன். ஆனால் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் எல்லாம் என் முகத்தையே பார்த்தன. பின்வாங்கிலிருந்த ஒரு பெரிய பிள்ளை எழும்பி, "அவவுக்குக் கதை திருத்தமில்லை டீச்சர். நாங்கள் சொல்லிக் குடுக்கிறம்," என்றாள். பேச்சைத்தான் அவள் கதை என்றாள். எங்கள் பக்கத்தில் யாரும் "போட்டுருச்சு" என்று சொல்வதில்லை, "போட்டிட்டுது" என்போம். எனக்கு அது அப்போது ஒரு வேடிக்கை. எட்டு வயதுப் பிள்ளைகள் இப்படி ஒன்றுசேர்ந்து ஒரு பிள்ளையை மறைக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

இரண்டாம் வருடம் குடிசன மதிப்பீடு வந்தது. வீடு வீடாகப் போய் ஆள் எண்ணி எழுதும் வேலையை ஆசிரியர்களின் தலையில் கட்டினார்கள். மன்னார்க் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், அதற்கு வகுப்பு வைத்தார்கள். "நீங்கள் எழுதிற ஒரு சொல்லும் வெளியில போகாது. பொலிசுக்கும் போகாது, வரிக் கந்தோருக்கும் போகாது. அதைச் சனத்துக்குச் சொல்லி நம்பப்பண்ணுங்கோ," என்றார் வகுப்பு எடுத்தவர். எனக்குப் பின்னால் இருந்த ஒரு வயதான வாத்தியார் மூக்கால் சிரித்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உடனே சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

ஊரில் நான் போகும் செய்தி எனக்கு முன்னே போயிற்று. முதல் வீட்டில் ஒரு நடுவயது மனிதர் கதிரையை இழுத்துப் போட்டார். மனைவி, பிள்ளைகள், தம்பி என்று சொல்லிக்கொண்டு வந்தவர், "அம்மாவும் இருக்கிறா. உள்ளுக்குப் படுத்திருக்கிறா," என்றார்.

"ஒருக்காப் பாக்கலாமோ?"

"சுகமில்லை டீச்சர். நித்திரை."

அந்த அம்மாவை அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்திலேயே அடக்கம் செய்திருந்தார்கள். சவப்பெட்டி பள்ளிக்கூட வாசலால்தான் போனது. பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்தவள் நான். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

"அரிசிக் கூப்பனை வெட்டுவாங்களோ?" என்று கேட்டார்.

"இதுக்கும் கூப்பனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை ஐயா."

"அப்பிடித்தான் சொல்லுவாங்கள்." எழும்பி வேலிப்பக்கம் எட்டிப் பார்த்தார். "சரி, மோசம் போயிட்டா எண்டு எழுதுங்கோ. ஆனா வெளியில கேக்காமல் எழுதுங்கோ."

அநேகமாக எல்லா வீட்டிலும் இதுதான். பங்கீட்டு அரிசிக்குக் கூப்பன் இருந்த இறந்தவர்கள் உள்ளே படுத்திருந்தார்கள். வேலைக்குப் போகிற வயதுப் பையன்கள், வரிக்குப் பயந்தோ என்னவோ, இல்லவே இல்லை. கேட்டால், கிழக்குக் கரைக்குப் பருவ மீன்பிடித் தொழிலுக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். வேலிக்குப் பின்னால் அவர்களுடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது. வயதைக் கேட்டால், பெரிய சம்மாட்டியார் புது வள்ளம் இறக்கிய வருடம் பிறந்தவன், கோயில் மணி வெடித்த வருடம் பிறந்தவள் என்பார்கள். அந்த வருடங்களை நான் ஊர்ப் பாதிரியாரான சுவாமியாரிடம் போய்க் கேட்டுக் கணக்குப் போடவேண்டியிருந்தது. அவரும் முதலில், "ஏன் கேக்கிறியள் பிள்ளை?" என்றுதான் கேட்டார்.

ஒரேயொரு கேள்விக்குத்தான் யாரும் தயங்கவில்லை. எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை இருக்கிறார்கள் என்று பெண்களிடம் கேட்கவேண்டும். அந்தக் கேள்வி வந்ததும் அவர்கள் முகம் மாறிவிடும். உயிரோடிருப்பவர்களை விட்டுவிட்டு இறந்துபோன பிள்ளைகளின் பெயர்களை முதலில் சொல்வார்கள். ஞானஸ்நானத்துக்கு முன்பே போன பிள்ளைக்கும் ஒரு பெயர் இருக்கும். எழுதுவதற்கு அங்கே இடமில்லை என்றாலும் நான் பேனையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நான் அரசாங்கத்து ஆளாக இல்லை.

கரையில் கருவாடு காயவைக்கும் வாடி ஒன்று இருந்தது. அதை நடத்திய வியாபாரி, அங்கே வேலை செய்த இரண்டு இளைஞர்களைக் காட்டி, "அக்காவின்ர பிள்ளையள். வங்காலையில பிறந்தவங்கள்," என்றார். இருவரும் தலையை நிமிர்த்தாமல் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னபடியே, மன்னாருக்குப் பக்கத்து வங்காலை என்று எழுதினேன்.

கடைசியாக, பனைகளுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னப் பெண்ணின் வீடு. தகப்பன் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச்சொல்லவில்லை. நான் கேட்குமுன்னே தன் பெயர், மனைவியின் பெயர், இரண்டு பிள்ளைகளின் பெயர் எல்லாவற்றையும் பாடமாக்கியதுபோல ஒப்புவித்தார். மனைவி அவருக்குப் பின்னால் நின்றாள். மெலிந்த உடம்பு, என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். நான் அவளைப் பார்த்து, "நீங்கள் எந்த ஊரில பிறந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"அவ ஊமை," என்றார் அவர். "பிறவியிலேயே. இங்கதான் பிறந்தவ."

அவள் வாயைத் தொட்டுக் கையை அசைத்துக் காட்டினாள். பக்கத்து வேலியில் இரண்டு தலைகள் உயர்ந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் சொன்னதை எழுதிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில்தான் பூனைக்குட்டி ஞாபகம் வந்தது. தகப்பன் எங்கள் பேச்சுத்தான் பேசினார். ஊர் முழுக்க எங்கள் பேச்சுத்தான். வாய் பேசாத தாயிடம் அந்தப் பிள்ளை "போட்டுருச்சு" என்பதை எப்படிப் படித்தது?

சில நாள் கழித்து மத்தியானம் கிணற்றடிக்குப் போகும்போது அந்த வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அடியே, சீக்கிரம் வா. சோறு ஆறிப்போச்சுல்ல!" நான் நடையை நிறுத்தினேன். மணலில் செருப்புச் சத்தம் நின்றதும் அந்தக் குரலும் நின்றது. கிடுகு வேலியின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் நின்றோம். பிறகு நான் இருமிவிட்டு, வேண்டுமென்றே காலை இழுத்துச் சத்தம்போட்டபடி நடந்து போனேன்.

அந்த வாரமே கிராம அதிகாரியான விதானையார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அந்தப் பதவிக்கு அரசாங்கம் வேறு பெயர் வைத்திருந்தாலும் ஊருக்கு அவர் விதானையார்தான். வேலை முடிந்ததா, சனம் ஒத்துழைத்ததா என்று விசாரித்தார். போகும்போது சைக்கிளில் ஒரு காலைப் போட்டுக்கொண்டு, "ஆரின்ரையாவது பேச்சு வித்தியாசமாக் கேட்டா எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ டீச்சர்," என்றார்.

"என்ன வித்தியாசம்?"

"படிச்ச பிள்ளை. உங்களுக்கு நான் விளங்கப்படுத்தவேணுமோ?"

"அப்பிடி ஒண்டும் கேக்கேல்ல ஐயா," என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அவர் பள்ளிக்கூட முற்றத்தில் என்னோடு நின்று பேசியதை ஊர் பார்த்தது. வீட்டுக்கு வந்தபோது அக்கா அடுப்படியிலிருந்தே, "விதானையார் வந்தவராம்?" என்றாள். என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கச்சேரிக்குக் கொடுக்கவேண்டிய தாள்களை என் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். அன்று திறந்து பார்த்தால் அவை தலைகீழாக இருந்தன. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. அவளுடைய புருஷனுக்குத் தெரியும். மறுநாள் பெட்டிக்குப் பூட்டு வாங்கினேன். அந்தப் பூட்டை அக்கா கண்டாள்.

தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு மாதம் இருக்கும். முதலாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஆமி லொறி ஒன்றும் பொலிஸ் ஜீப் ஒன்றும் வந்தன. பெண்களையெல்லாம் கோயில் முற்றத்துக்கு வரச்சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சிப்பாய் வந்து என்னையும் அழைத்துப் போனான்.

விசாரித்தவர் ஒரு தமிழ்ப் பொலிஸ்காரர். ஒவ்வொரு பெண்ணையும் முன்னால் கூப்பிட்டு, "இண்டைக்கு விடிஞ்சதிலயிருந்து என்னென்ன செய்தனீங்கள், சொல்லுங்கோ," என்று மட்டும் கேட்டார். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பேச்சைக் கேட்டார். அந்தச் சின்னப் பெண்ணின் தாய் முன்னால் வந்ததும், அவர் கேட்குமுன்னே சுற்றியிருந்த பெண்கள், "அவ ஊமை சேர்," என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவர் கண்ணைத் திறந்தார்.

"டீச்சர், நீங்கள்தானே வீடு வீடாப் போனது? இவ ஊமையோ?"

முற்றம் முழுக்க என்னைப் பார்த்தது. அக்கா பார்த்தாள். அந்தப் பெண் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. தன் காலடி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்," என்றேன். "பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து விடுறவ. கையாலதான் கதைப்பா."

அவர் தலையாட்டினார். அடுத்த பெண்ணைக் கூப்பிடுவதுபோலத் திரும்பியவர் திடீரென்று, "பாம்பு! காலுக்குள்ள பாம்பு!" என்று கத்தினார். "சேசுவே! மாதாவே!" என்று அலறிக்கொண்டு பெண்கள் சிதறினார்கள். அவளும் துள்ளி விழுந்தாள். ஆனால் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. தொண்டைக்குள் ஏதோ அடைத்ததுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"காது கேக்குதே?" என்றார் என்னிடம்.

"காது கேக்கும். கதைதான் வராது."

அவர் என்னிடம் வந்து நின்றார். "நீங்கள் எந்த ஊர்? தகப்பன்ர பேர் என்ன? இங்க எத்தினை வருஷம்?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். என் பேச்சையும் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார். பிறகு அவர் கையை அசைத்து எல்லாரையும் போகச்சொன்னார். ஆனால் லொறி வெறுமையாகத் திரும்பவில்லை. வாடியில் உப்புப் போட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு இளைஞர்களையும் ஏற்றிக்கொண்டு போனது. ஒருவன் சட்டைகூடப் போட்டிருக்கவில்லை. கருவாட்டு வியாபாரி அன்று ஊரில் இல்லை.

அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு நிம்மதி. ஊர் அதைப் புரிந்துகொள்ளும் என்றும் நினைத்தேன். மறுநாள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. அக்கா தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போனாள். மூன்றாம் நாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"அக்கா, நான் என்ன செய்தனான்?"

"உங்களை நான் ஒண்டும் சொல்லேல்ல டீச்சர். ஆனா நீங்கள் எழுதிக்கொண்டு போன பிறகுதான் அவங்கள் வந்தவங்கள்."

"வாடிப் பெடியங்களை நான் வங்காலை எண்டுதான் எழுதினனான். நான் காட்டிக்குடுத்திருந்தா, கோயில் முத்தத்தில அவவுக்காக ஏன் பொய் சொல்லவேணும்?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "அதைத்தான் நானும் யோசிச்சனான். பொலிசுக்கு முகத்துக்கு நேர இப்பிடிப் பொய் சொல்லத் தெரிஞ்சவ, எங்களுக்கு என்ன சொல்லமாட்டா?"

அவள் வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அதன் பிறகு எனக்கும் அந்த நோய் தொற்றிக்கொண்டது. யார் சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். விதானையாராக இருக்குமா? அக்காவின் புருஷனுக்கும் கருவாட்டு வியாபாரிக்கும் மீன் விலையில் தகராறு இருந்தது, அவராக இருக்குமா? நான் கொடுத்த தாள்களைக் கச்சேரியில் யாராவது புரட்டி, வாடியில் இரண்டு இளம் பெடியங்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்களா? அந்த வயதான வாத்தியார் எதற்காகச் சிரித்தார்? பஸ்ஸில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பேச்சுக்கொடுத்தால், "ஏன் கேக்கிறியள்?" என்று என் வாயிலும் வரத் தொடங்கியது.

பிள்ளைகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். அந்தச் சின்னப் பெண்ணும் வந்தாள். அவள் இப்போது முன்வாங்கில் இருப்பதில்லை. அளந்து பேசினாள். எங்கள் சொற்கள் அவள் வாயில் ஒழுங்காகப் படியத் தொடங்கியிருந்தன. தாயைக் கிணற்றடியில் காண்பேன். அவள் கையால் ஏதாவது கேட்பாள். நானும் கையால் பதில் சொல்லுவேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அவள் குரலைக் கேட்டது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என் முன்னால் அவள் ஒரு முறையும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வருடம் எனக்கு இடமாற்றம் வந்தது. போகும் முன்பு அவளிடம் சொல்லப் போனேன். வாசலில் நாங்கள் இருவர் மட்டும். "நான் நாளைக்குப் போறன். ஒருக்காக் கதையுங்கோவன். நான் ஆருக்கும் சொல்லன்," என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்தது அதுதான் முதல்தடவை. இல்லை என்று தலையசைத்துவிட்டு உள்ளே போய், பனையோலைப் பெட்டி நிறையக் கருவாடு கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

பிறகு என் வாழ்க்கை வேறு ஊர்களில் போயிற்று. சண்டைக் காலம் வந்து, மன்னார்க் கரையிலிருந்து சனம் வள்ளங்களில் அக்கரைக்கு ஓடியது. ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளும் வளர்ந்த பிறகு ஒரு நாள் மன்னார் பஸ் நிலையத்தில் நின்றேன். நரை விழுந்த ஒரு பெண் வந்து, "டீச்சர்தானே?" என்றாள். பெயரைச் சொன்னதும் அவளைத் தெரிந்துவிட்டது. பூனை குட்டி போட்ட கதை சொன்னவள்.

அவர்களும் அக்கரைக்குப் போயிருந்தார்கள். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் இறங்கி, அகதிப் பதிவுக்காக வரிசையில் நின்றார்களாம். "அம்மா பிறந்த வீடு அங்கயிருந்து பஸ்ஸில கொஞ்சத் தூரம்தான் டீச்சர். இத்தினை வருஷத்துக்குப் பிறகு பிறத்தி ஆளுக்கு முன்னால வாயைத் திறந்து, தான் அங்க பிறந்தனான் எண்டு சொன்னவ. எழுதினவர் சிரிச்சுப்போட்டு, 'பேச்சைப் பாத்தாலே தெரியுதேம்மா, நீங்க சிலோன்காரங்க' எண்டவர். அகதி எண்டுதான் பதிஞ்சவை. அம்மா அங்கயே முகாமில மோசம் போயிட்டா."

பஸ் ஒன்று வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. கேட்கக்கூடாது என்று நினைத்தும் கேட்டேன். "அம்மா என்னைப் பற்றி ஏதும் சொல்லுறவவோ?"

அவள் தயங்கினாள். "சொல்லுறவ. நீங்கள்தான் பொலிசுக்குச் சொன்னதெண்டு கடைசி மட்டும் நம்பினவ."

"நான் அவவுக்காகப் பொய் சொன்னனானெல்லோ?"

"அதுவும் சொல்லுறவ. முதல்ல காட்டிக்குடுத்துப்போட்டு, பிறகு எல்லாரையும் முன்னால கண்டவுடனே பயத்தில மாத்திச் சொன்னவ எண்டு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய முகத்தில் தாயின் சாயல் அப்படியே இருந்தது.

"நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டேன்.

அவள் என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டாள். "வாங்கோ டீச்சர். கடையில தேத்தண்ணி குடிப்பம்," என்றாள்.